டிவோலி கார்டன்ஸைக் கட்டியவர்கள்

'டூடஸ்' என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட கிறிஸ்டோபர் கோக்குக்கு 2012 ஜூன் மாதம் நியூயார்க் நீதிமன்றம் 23 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தபோது, ஊடகங்களில் பெரும்பாலானவை அதைக் கொடியவன் ஒருவனின் வீழ்ச்சியாகவே எழுதி முடித்தன. ஜமைக்காவின் 'ஷவர் போசி' என்னும் போதைப்பொருள் கும்பலின் தலைவன் அவன் என்பதிலோ, அவன் கையில் குருதிக்கறை இருந்தது என்பதிலோ எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கும்பல் எங்கிருந்தோ வந்து அரசியலுக்குள் புகுந்துகொண்டது என்ற தொனியில் அக்கதை சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்பவில்லை. வாக்குகளுக்காக ஒரு கட்சி அதை வளர்த்தது. பிறகு அதன் பிடியிலேயே அக்கட்சி சிக்கிக்கொண்டது. இறுதியில் அதற்கான விலையைக் கட்சிக்காரர்கள் எவரும் கொடுக்கவில்லை என்பதே என்னை இதை எழுத வைக்கிறது.

ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டன் என்றால் நம்மில் பலருக்குச் சபைனா பார்க் மைதானமும் பாப் மார்லியும்தான் நினைவுக்கு வருவார்கள். அந்த மைதானத்துக்குச் சில கிலோமீட்டர் மேற்கே, துறைமுகத்தை ஒட்டி, 'பேக் ஓ வால்' என்றொரு குடிசைப்பகுதி இருந்தது. ரஸ்தாஃபாரி சமயத்தைச் சேர்ந்தவர்களும் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் தகரத்தாலும் அட்டையாலும் வேய்ந்த குடிசைகளில் அங்கே வாழ்ந்தார்கள். 1962இல் நாடு விடுதலை பெற்ற பிறகு, அத்தொகுதியின் உறுப்பினரும் ஜமைக்கா தொழிற்கட்சியின் அமைச்சருமான எட்வர்ட் சீகா, காவல்துறையின் பாதுகாப்போடு புல்டோசர்களை அனுப்பி அதை இடித்துத் தள்ளினார். அந்த இடத்தில் எழுந்ததுதான் டிவோலி கார்டன்ஸ். மாடிக் குடியிருப்புகள், குழாய்த்தண்ணீர், தாய்சேய் நல மையம், பள்ளி, சமூகக்கூடம் என்று அந்நகரத்தின் ஏழைகள் அதுவரை கண்டிராத வசதிகள் அங்கே வந்தன. அவை உண்மையான வசதிகள் என்பதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டுச் சாவிகள் கட்சிக்காரர்களுக்கே கிடைத்தன. எதிர்க்கட்சியை ஆதரித்தவர்கள் இருந்த குடிசையையும் இழந்து வெளியேறினார்கள். தலைக்கு மேலுள்ள கூரையே கட்சி தந்தது என்றானபின், அந்தக் கூரையைக் காக்கத் துப்பாக்கி ஏந்துவதும் கட்சிக்கான கடமையாகிவிட்டது. சீகா 1962 முதல் 2005 வரை ஒரு தேர்தலிலும் தோற்காமல் அத்தொகுதியைத் தக்கவைத்திருந்தார்.

இது ஒரு கட்சி மட்டும் செய்த பாவமன்று. 1972இல் ஆட்சிக்கு வந்த மைக்கேல் மான்லியின் மக்கள் தேசியக் கட்சியும் ஆர்னெட் கார்டன்ஸ் போன்ற குடியிருப்புகளில் அதே வழியைப் பின்பற்றியது. 'கேரிசன்' என்று அந்நாட்டார் அழைக்கும் இந்தக் கட்சிக் கோட்டைகளில், எதிர்க்கட்சிக்கு ஒற்றை வாக்குக்கூட விழாத வாக்குச்சாவடிகள் இருந்தன. 1978 ஏப்ரலில் மேடையேறிய பாப் மார்லி, மான்லியின் கையையும் சீகாவின் கையையும் பிடித்து இணைத்துத் தலைக்கு மேல் உயர்த்திய காட்சி உலகறிந்தது. அந்த இசைவிழாவுக்கு வழிவகுத்தவர்கள் இரு கட்சிகளின் 'டான்'களே, அதாவது அக்கோட்டைகளின் கும்பல் தலைவர்களே. அவர்களுள் ஒருவரான டிவோலியின் கிளாடி மாசப், அடுத்த ஆண்டே காவல்துறையின் குண்டுகளுக்கு இரையானார். 1980ஆம் ஆண்டுத் தேர்தல் வன்முறையில் ஏறத்தாழ 800 பேர் மாண்டார்கள். தொழிற்கட்சி 60 இடங்களில் 51 இடங்களை வென்றது, சீகா பிரதமரானார்.

இதன்பின் நேர்ந்த திருப்பம்தான் என் பார்வையில் இந்த வரலாற்றின் மையம். அதுவரை டான் என்பவன் அரசியல்வாதியின் கையை எதிர்பார்த்து நின்றவன். துப்பாக்கி, ஒப்பந்தம், வேலை, பிணை எல்லாம் மேலிருந்து வரவேண்டும். எண்பதுகளில் கடன் நெருக்கடியால் அரசின் கஜானா சுருங்கியது. அதே காலத்தில் அமெரிக்க நகரங்களில் கிராக் கொக்கைன் பரவியது. டிவோலியில் 'ஜிம் பிரவுன்' எனப்பட்ட லெஸ்டர் லாய்ட் கோக்கும், அமெரிக்காவில் விவியன் பிளேக்கும் நடத்திய ஷவர் போசி, மியாமியிலும் நியூயார்க்கிலும் வேரூன்றியது. அதன்மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளை அமெரிக்க அதிகாரிகள் சுமத்தினார்கள். அங்கிருந்து பணமும் ஆயுதமும் டிவோலிக்குத் திரும்பின. பிள்ளையின் பள்ளிக்கட்டணம், தாயின் மருத்துவச் செலவு, இறந்தவரின் சவப்பெட்டி என்று நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்டு நின்ற மக்கள் டானிடம் கேட்கத் தொடங்கினார்கள். வாக்குகளுக்கு யாரை நம்பி இருக்கிறோம் என்பது அரசியல்வாதிக்கும் தெரிந்தது, டானுக்கும் தெரிந்தது.

1992 பிப்ரவரியில், அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்படும் நாளை எதிர்பார்த்திருந்த ஜிம் பிரவுன், கிங்ஸ்டன் சிறை அறையில் தீயில் கருகி இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் முன்னாள் பிரதமர் சீகா வெளிப்படையாக நடந்து சென்றார். அந்த மக்கள் ஜிம் பிரவுனைத் தங்கள் காவலராகவே கருதினார்கள் என்று விளக்கமும் சொன்னார். அதே சீகா 1994இல் தன் தொகுதியில் அட்டூழியம் செய்பவர்கள் என்று 13 பேரின் பட்டியலைக் காவல்துறை ஆணையரிடம் கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்தார். தான் கட்டிய கோட்டைக்குள் தன் சொல் செல்லுபடியாகவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் ஒப்புக்கொள்ள முடியாது.

தந்தை ஜிம் பிரவுனுக்குப் பின் வந்த டூடஸ், ஆரவாரத்தை விரும்பாத குட்டையான மனிதன். அவன் தொடர்புடைய நிறுவனத்துக்கு அரசு ஒப்பந்தங்கள் கிடைத்தன. பக்கத்திலுள்ள கொரனேஷன் சந்தை வியாபாரிகள் 'பாதுகாப்பு'க்குப் பணம் கட்டினார்கள். டிவோலிக்குள் திருட்டும் வன்புணர்வும் அவன் முன் விசாரிக்கப்பட்டன, தண்டனையும் அங்கேயே வழங்கப்பட்டது. காவல்நிலையத்துக்குப் போனால் அவமானமும் அடியும்தான் கிடைக்கும் என்று தலைமுறைகளாகக் கண்டவர்கள் அவனிடம் போனதை அறியாமை என்று எழுதுபவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அது இருப்பதில் குறைந்த தீங்கைத் தேர்ந்துகொண்ட மக்களின் கணக்கு. அதற்காக அவனை ஏழைகளின் காவலன் என்று புகழ்வதும் பெரும் தவறு. கும்பலுக்காகப் போதைப்பொருள் சுமந்து சென்ற பெண்களின் நிலையையும், டிவோலிக்குள் அவன் வைத்திருந்த சிறையையும், கட்டிவைத்துச் சங்கிலி வாளால் ஒருவர் கொல்லப்பட்டதையும் நியூயார்க் வழக்கின் சாட்சியங்கள் பேசுகின்றன.

புரூஸ் கோல்டிங்கின் கதை எனக்கு இதில் மிகுந்த வேதனை தருவது. அவர் 1995இல் தொழிற்கட்சியை விட்டு வெளியேறி, கேரிசன் அரசியலை வெளிப்படையாகக் கண்டித்துத் தனிக்கட்சி தொடங்கியவர். அக்கட்சிக்கு மக்கள் வாக்களிக்கவில்லை. 2002இல் பழைய கட்சிக்குத் திரும்பினார்; 2005இல் சீகா விலகியதும், எதைக் கண்டித்து வெளியேறினாரோ அதன் தலைநகரான, டிவோலி அடங்கிய மேற்குக் கிங்ஸ்டன் தொகுதியின் உறுப்பினரானார்; 2007இல் பிரதமர். 2009 ஆகஸ்டில் அமெரிக்கா டூடஸை ஒப்படைக்கக் கோரியபோது, தொலைபேசி ஒட்டுக்கேட்புச் சான்றுகள் சட்டவிரோதமாகப் பெறப்பட்டவை என்று வாதிட்டு அவர் அரசு ஒன்பது மாதம் இழுத்தடித்தது. அந்தக் கோரிக்கை தொடர்பாக வாஷிங்டனில் பேச ஓர் அமெரிக்கச் சட்ட நிறுவனம் அமர்த்தப்பட்ட செய்தி கசிந்தது. முதலில் அதை மறுத்த கோல்டிங், கட்சித்தலைவர் என்ற முறையில் தானே இசைவளித்ததாக 2010 மே மாதம் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சட்டத்தின்மேல் அவருக்கிருந்த அக்கறை முழுவதும் போலி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டிவோலியின் வாக்குகளால் வென்ற ஒருவர் டிவோலியின் டானைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அமர்ந்திருந்ததே கேடு.

மே 17 அன்று கோல்டிங் பணிந்து, டூடஸை ஒப்படைக்க இசைந்தார். வெள்ளுடை அணிந்த பெண்கள், "இயேசு நமக்காக இறந்தார், நாங்கள் டூடஸுக்காக இறப்போம்" என்ற பொருளுடைய அட்டைகளை ஏந்தி ஊர்வலம் போனார்கள். குடியிருப்பின் நுழைவாயில்கள் தடுப்பரண்களால் அடைக்கப்பட்டன, காவல்நிலையங்கள் தாக்கப்பட்டன, 23ஆம் தேதி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் இராணுவமும் காவல்துறையும் உள்ளே புகுந்தன. ஏறத்தாழ 70 குடிமக்கள் கொல்லப்பட்டார்கள், 4,000க்கும் மேற்பட்டோர் பிடித்து வைக்கப்பட்டார்கள். மக்கள் நெருங்கி வாழும் குடியிருப்புப் பகுதியில் இராணுவம் மோர்ட்டார் குண்டுகளை வீசியது. இறந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகள் மிகச் சொற்பம். தேடப்பட்டவனோ அங்கே அகப்படவில்லை. ஒரு மாதம் கழித்து, பெண்களின் பொய்முடி சகிதம், ஒரு மதபோதகரின் காரில் பிடிபட்டான். ஒரு கீறலும் இல்லாமல் விமானமேறினான்.

அதன்பின் ஜமைக்காவில் கொலைகள் குறைந்ததைக் காட்டி அந்தத் தாக்குதலை நியாயப்படுத்துபவர்கள் உண்டு. 2009இல் சுமார் 1,680 ஆக இருந்த எண்ணிக்கை 2011இல் 1,130 அளவுக்கு இறங்கியது உண்மைதான். 2017இல் அது மீண்டும் 1,600ஐத் தாண்டிவிட்டது. பெரிய டான் போனதும் சிறு கும்பல்கள் தெருத்தெருவாக முளைத்தன. ஃபுளோரிடாவிலிருந்து சரக்குப் பீப்பாய்களுக்குள் துப்பாக்கிகள் வருவதும் நிற்கவில்லை.

பார்படோஸின் முன்னாள் தலைமை நீதிபதி டேவிட் சிம்மன்ஸ் தலைமையிலான ஆணையம் 2016இல் அளித்த அறிக்கை, சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் நடந்ததற்கு நம்பத்தக்க சான்றுகள் இருப்பதாகச் சொன்னது. 2017 டிசம்பரில் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். டிவோலியில் நடந்த கொலைகளுக்காக எந்தப் படைவீரரும் தண்டிக்கப்படவில்லை. கோல்டிங் 2011இல் பதவி விலகியதோடு சரி. சீகா 2019இல் அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். ஆணையத்தின் விசாரணை வரம்பு 2010 மே மாத நிகழ்வுகளைச் சுற்றியே அமைந்திருந்தது. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டை அது தொடவில்லை. வீடுகள் யாருக்கு, யாருடைய கையெழுத்தில் ஒதுக்கப்பட்டன, ஒப்பந்தங்கள் எந்த அமைச்சகத்திலிருந்து எந்த டானின் நிறுவனத்துக்குச் சென்றன என்பதை இரு கட்சிகளின் ஆட்சிக்காலங்களுக்கும் சேர்த்து விசாரிக்கும் ஓர் ஆணையத்தை, தன் பிள்ளைகளை இழந்த அந்த மக்களுக்கு ஜமைக்க நாடாளுமன்றம் இன்னும் கடன்பட்டிருக்கிறது.