யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், டீச்சர்?

சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கையில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான கடிதம். அவர்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனிலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை. பார்வை மிகக் குறைவு. தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்துத்தான் வாசிப்பாள். விடுதி, சாமான்கள், மஹாபொல உதவித்தொகை என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தவள், வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டாள்: "என் கண்ணைப் பற்றிச் சொல்ல அங்கே யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், டீச்சர்?"

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு இதே கண்ணோடு, இதே கேள்வியோடு நானும் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சையில் எனக்கு மேலதிக நேரம் கிடைத்தது. எங்கள் அதிபர் முன்கூட்டியே பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்திருந்தார். அனுமதி எழுத்தில் வந்தது. நான் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் பரீட்சைக்கு ஒரு விரிவுரையாளர் தாமாகவே அரை மணி நேரம் கூடத் தந்தார். நல்ல மனிதர். இரண்டு நாள் கழித்து இன்னொருவர், "மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயமாகிவிடும்" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டார். ஒரே கண், ஒரே பீடம். நான்கு வருடங்களில் பாடத்தோடு சேர்த்து, யாருடைய முகம் எப்போது இளகும் என்பதையும் படித்தேன்.

மருத்துவரின் கடிதம் கேட்டார்கள். அதற்காக அம்மா என்னைக் கிளினிக்குக் கூட்டிப்போனார். அன்று தோட்டத்து வேலைக்குப் போகாததால் அம்மாவுக்குப் பேர் இல்லை. ஒரு நாள் சம்பளம் போனது. அந்தக் கடிதம் அலுவலகத்தில் தொலைந்தது. இன்னொரு நாள், இன்னொரு பேர். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா அதன் அடியில் பெயரெழுதிக் கையொப்பமிட்டார், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே.

மாலை வேளைகளில் குறிப்புகளை எனக்கு வாசித்துக் காட்டியவள் என் அறைத்தோழி. அவளுக்கு நான் பட்ட கடன் தீராது. ஆனால் அவளுக்கும் பரீட்சை இருந்தது. பரீட்சைக்கு முந்திய இரவில் அவளிடம் கேட்கக் கூசி, வாசிக்காத பக்கங்களோடு படுத்திருக்கிறேன். ஒரு நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை இருபத்தொரு வயதுப் பெண்ணின் நல்ல மனதில் ஏற்றிவைத்துவிட்டு, "பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள்" என்று பெருமைப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் செலவே இல்லாமல் தீர்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம். தமிழையும் வாசிக்கும். ஆனால் நம் விரிவுரைக் குறிப்புகளில் எத்தனையோ இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. பாமினியில் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லே அதற்கு ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. தமிழ் இலக்கியக் குறிப்பு ஒன்றைத் திறந்து, தலையணியை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்க இந்த உளறலைக் கேட்டுவிட்டு அழுத நாள் நினைவிருக்கிறது. அதே குறிப்பு, கணினியும் தமிழாகவே வாசிக்கும் யூனிகோடில் இருந்திருந்தால் நான் தனியாகவே படித்திருப்பேன். மாற்றித் தரும் செயலிகள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. போட்டோ பிரதியைப் படமாக ஏற்றிவிடுவது இதைவிட மோசம். அதில் மென்பொருளுக்கு வாசிக்க எழுத்தே இல்லை.

இதையெல்லாம் சலுகை என்று சொல்பவர்கள் உண்டு. இயலாமை உள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. இயலாமை உள்ளோரின் உரிமைகள் பற்றி 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகள் சமவாயம் இன்னும் மேலே போகிறது: நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு, 24ஆம் உறுப்புரை உயர்கல்வியையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எங்களுக்கென்று விசேட அனுமதி முறையும் வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் அனுமதி முதல் நாளோடு முடிந்துவிடுகிறது. படிப்பு அதற்குப் பிறகு நான்கு வருடம்.

"மலைநாட்டில் என்ன செய்வது, எங்கும் ஏற்றமும் படியும்தானே" என்றும் கேட்டிருக்கிறேன். ஹந்தானை அடிவாரத்தில் விரிந்திருக்கும் பேராதனை வளாகத்தின் அழகே அந்தச் சரிவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே மலைநாட்டில் பட்டிப்பொல அருகே 1,898 மீற்றர் உயரத்துக்கு ரயில் ஏற்றி, 1924இல் பதுளை வரை கொண்டுபோனார்கள். தேயிலைக்காக மலையைக் குடைய முடிந்த நாட்டில், சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்தளம் கட்ட மலை தடையாக முடியாது. பொதுக் கட்டடங்களில் இப்படியான அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இலேயே வர்த்தமானியில் வந்துவிட்டன.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. தோட்டத்து லயத்திலிருந்து போகும் பிள்ளை, அந்த இடமே தனக்குக் கிடைத்த பெரிய தயவு என்று நினைத்துக்கொண்டு போகிறது. அதற்கு மேல் எதையும் கேட்க வாய் வராது. கேட்காத பிள்ளைக்குத் தேவை இல்லை என்று அலுவலகம் எழுதிக்கொள்ளும். ஆகவே கேட்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடாதீர்கள். பதிவுப் படிவத்திலேயே, தமிழிலும், "உங்களுக்கு என்ன ஏற்பாடு தேவை?" என்று ஒரு வரி இருக்கட்டும், அதன் கீழே பொறுப்பான அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

என் மாணவிக்குத் திங்கட்கிழமை பதிவு. அவள் அம்மாவுக்குப் பேர் போகக்கூடாது என்பதால் நான் லீவு போட்டு அவளோடு போகிறேன். பீடாதிபதிக்குக் கொடுக்க இருவரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம்: பரீட்சைக்கு மேலதிக நேரம், பெரிய எழுத்தில் வினாத்தாள், விரிவுரைக்கு முன்பே யூனிகோடில் குறிப்புகள், விடுதியில் வெளிச்சமான அறை. "தயவுசெய்து" என்று அவள் ஐந்து இடத்தில் எழுதியிருந்தாள். நான்கை அடிக்கச் சொன்னேன். இரண்டு பிரதி எடுத்திருக்கிறோம். ஒன்றில் திகதியோடு முத்திரை வாங்காமல் திரும்பமாட்டோம்.