தொடை வலியும் படர்தாமரை மாத்திரையும்

மன்னார்குடிப் பக்கம் சம்பா நடவு நேரத்தில் "காலு வலிக்குது" என்று ஒருவர் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் பெரியப்பா சொன்னபோதும் அப்படித்தான். நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற மனுஷனுக்கு வலிக்காமல் இருக்குமா என்று விட்டுவிட்டோம்.

அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம். தினமும் அட்டோர்வாஸ்டாட்டின் 40 என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறார். நடுவில் இடுப்பில் படர்தாமரை. ஈரத்துணியோடு வயலில் கிடப்பவர்களுக்கு இது புதிதல்ல. தோல் டாக்டர் இட்ராகோனசோல் என்கிற பூஞ்சை மாத்திரை எழுதினார். கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. "அரிப்புக்குப் போன எடத்துல நெஞ்சுக் கதை எதுக்கு?" இது பெரியப்பா நியாயம்.

அட்டோர்வாஸ்டாட்டினைச் சிதைக்கிற கல்லீரல் நொதியை இட்ராகோனசோல் முடக்கிவிடும். போடுவது அதே 40தான், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். கிளாரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக்கும் இதே வேலையைச் செய்யும். ஸ்டாட்டின் எனப்படும் இதே கொலஸ்ட்ரால் மாத்திரை வகையில் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் இந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது. அதே வகையில் ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தத் தொல்லை குறைவு.

நடவு வலி என்றால் ஓய்வெடுத்தால் இறங்கும். இவருக்கு இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். அபூர்வம்தான், நல்லவேளை இவருக்கு அதுவரை போகவில்லை. இதய டாக்டர், தசை சிதைவைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, படர்தாமரை மாத்திரை முடிந்து கொஞ்ச நாள் வரை ஸ்டாட்டினை நிறுத்தச் சொன்னார்.

அதற்கப்புறம்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. திரும்ப ஆரம்பிக்க மாட்டேன் என்றார். "நிறுத்துனதும் வலி போச்சுல்ல, கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும் நார்மல்." டீக்கடையில் நாலு பேர் ஆமாம் போட்டார்கள் (அந்த நாலு பேரை நான் இன்னும் மன்னிக்கவில்லை). பெரியப்பா, அந்த நார்மல் மாத்திரையால் வந்த நார்மல். மடையை அடைத்திருக்கிற வரைதான் வயலில் தண்ணீர் நிற்கும். இந்த மாத்திரையால் சிலருக்குச் சர்க்கரை லேசாக ஏறும் என்பதும் உண்மை, பார்த்துக்கொள்ளலாம். ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்துவது வேறு கணக்கு.

எப்படியோ டாக்டரே பேசி, மறுபடி ஆரம்பித்துவிட்டார். இப்போது மாத்திரை அட்டை வெற்றிலைப் பொட்டலத்தோடு சட்டைப் பையிலேயே இருக்கிறது. போன வாரம் பல் டாக்டரிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால் அதைத்தான் எடுத்து நீட்டினாராம்.