மேட்டூர் ஸ்டான்லி, ஆப்பிரிக்கா போனவர் அல்ல

ஒருவர், "மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கம் ஆப்பிரிக்காவுக்குப் போன பயணி ஹென்றி மார்டன் ஸ்டான்லி பெயரில் உள்ளது, ஸ்டான்லி என்பது பைபிள் பெயர்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

பைபிளில் ஸ்டான்லி என்று யாரும் கிடையாது. நம்மூர்க் கிறிஸ்தவர்கள் பலர் வைத்துக்கொள்வதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். இது பழைய ஆங்கில ஊர்ப்பெயர். 'ஸ்டான்' என்றால் கல், 'லேயா' என்றால் காட்டுக்குள் மரம் வெட்டித் திருத்திய வெளி. ஊர்ப்பெயர் குடும்பப்பெயராயிற்று. அதைப் பிள்ளைகளுக்கு முதற்பெயராக வைக்கும் வழக்கம் பெருகியது 19ஆம் நூற்றாண்டில்தான். 1867இல் பிறந்த பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் ஓர் உதாரணம்.

மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குப் பெயர் தந்தவர் 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி. இங்கிலாந்தின் டார்பி பிரபு குடும்பம். கனடாவின் ஐஸ் ஹாக்கி 'ஸ்டான்லி கோப்பை'யைக் கொடுத்தவர் இவருடைய அப்பா! 'சர் ஸ்டான்லி' என்றும் எழுதாதீர்கள். சர் பட்டம் முதற்பெயரோடுதான் சேரும், ஆகவே 'சர் ஜார்ஜ்'.

அந்தப் பயணிக்கோ ஸ்டான்லி பிறவிப் பெயரே இல்லை. வேல்ஸில் பிறந்தபோது அவர் ஜான் ரௌலண்ட்ஸ்.