ஏழு கிட்டார்களும் ஒரு விஜயதசமியும்

போன வருடம் சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டு ஹாலில் ஏழு கிட்டார்கள் சுவரோரமாக வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், குங்குமம். முன்னால் பொரி, கடலை, சாத்துக்குடி. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, இந்தப் பச்சைக் கிட்டாரைப் போன பூஜைக்குப் பார்த்தது. நடுவில் இது எங்கே இருந்தது?"

கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் பொரியைக் கொறிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த வாத்தியத்தை அன்று எடுத்து நான்கு வரியாவது வாசிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏழையும் வாசித்துவிடுவது என்று காலையிலேயே குளித்துவிட்டு உட்கார்ந்தேன். நான்குதான் தேறின. பன்னிரண்டு கம்பிக் கிட்டாரில் கம்பிகள் துருவேறி, ஒரு சுரம் அழுத்தியதுமே விரல் நுனி பழுப்பாகிவிட்டது. பச்சை எலெக்ட்ரிக் கிட்டாரின் குமிழைத் திருகினால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்ட மாதிரி வெடித்தது. மூன்றாவதைத்தான் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை. முதுகும் பக்கங்களும் ஈட்டி மரப் பலகை. நம் மலைகளில் வளர்ந்த மரம் கடல் தாண்டிப் போய், கிட்டாராகித் திரும்பி வந்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்லி வைத்திருந்தேன். கம்பிகளைப் பிடித்துவைத்திருக்கிற அதன் பிரிட்ஜ், முகப்புப் பலகையிலிருந்து பின்பக்கமாகப் பெயர்ந்திருந்தது. சந்தேகத்துக்கு ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து இடுக்கில் செருகிப் பார்த்தேன். கார்டு பாதி உள்ளே போய்விட்டது.

ஸ்டீல் கம்பி போட்ட கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு பிரிட்ஜை இழுத்துக்கொண்டே இருக்கும். வாசித்தாலும் இழுக்கும், பெட்டிக்குள் படுத்திருந்தாலும் இழுக்கும். கிட்டார் செய்பவர்கள் காற்றில் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் நல்லது என்கிறார்கள். சென்னை மழைக்காலத்தில் அது 80ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். போதாததற்கு இரவில் ஏ.சி., பகலில் புழுக்கம். மரம் உப்புவதும் சுருங்குவதுமாக இருக்கும். கட்டிலுக்கு மேலே நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வருடமும், கட்டிலுக்குக் கீழே ஒரு முழு ஆள் எடை அந்தப் பலகையைப் பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. தினம் கையில் எடுக்கிற கிட்டாராக இருந்தால், கழுத்துக்கு மேல் கம்பிகள் நிற்கிற உயரம், அதாவது ஆக்‌ஷன் உயர்ந்த முதல் வாரமே விரல் சொல்லியிருக்கும்.

அன்று மாலையே அறிவித்துவிட்டேன்: எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒரே கிட்டாரோடு வாழப்போகிறேன். மனைவி காபி டம்ளரை வைத்துவிட்டு, "எப்போதிலிருந்து?" என்று மட்டும் கேட்டாள்.

வாரநாட்களில் எனக்கு ஆபீஸ் வேலை. முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார். ஏழு எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு நியாயம் உண்டு. பன்னிரண்டு கம்பி ஒரே ஒரு பாட்டின் முகப்புக்காக வாங்கியது. அந்தப் பாட்டைக் கல்யாண வீடுகளில் கேட்பதை எல்லோரும் நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. ஊருக்குப் போகும்போது எடுத்துப்போக என்று ஒரு குட்டிக் கிட்டார் வாங்கினேன். அது தாம்பரத்தைத் தாண்டியதில்லை.

ஒரே கிட்டார் என்று சொன்னதும் குழுவில் எல்லோரும் உதாரணங்களோடு வந்துவிட்டார்கள். முதலில் அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன். அவருடைய பழைய கிட்டாரைக் குடிபோதையில் ஒருவர் மிதித்து உடைத்துவிட, 1969இல் நாஷ்வில்லிலிருந்து 750 டாலருக்கு மார்ட்டின் கம்பெனியின் நைலான் கம்பிக் கிட்டார் ஒன்றைக் கண்ணால் பார்க்காமலேயே வாங்கினார். டிரிகர் என்று அதற்குப் பெயர் வைத்தார், சினிமாக் கௌபாய் ஒருவரின் குதிரைப் பெயர். விரலால் வாசிக்கவென்று செய்த கிட்டாரை அவர் பிக் என்கிற மீட்டுவில்லை வைத்தே வாசித்ததில் பலகை தேய்ந்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. இன்னும் அதைத்தான் வாசிக்கிறார். அடுத்து அயர்லாந்துக் கிட்டார்க்காரர் ரோரி கேலஹர். 1961ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை 1963இல் கார்க் நகரக் கடையில் 100 பவுண்டுக்குக் கடனாக வாங்கி, வியர்வையிலேயே அதன் வண்ணத்தை உரித்துவிட்டார். அது 2024இல் ஏலத்துக்கு வந்து, இப்போது அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு என்று ஆகியிருக்கிறது.

இந்தக் கதைகளைக் கேட்டால் எனக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் ரோரி கேலஹர் மேடையில் டெலிகாஸ்டரும் வாசித்தார், உலோக உடம்புள்ள நேஷனல் கிட்டாரும் வாசித்தார், மாண்டலினும் வாசித்தார். ப்ளூஸ் கிட்டார்க்காரர் பி.பி.கிங்கின் லூசில்லும் அப்படித்தான். லூசில் என்பது ஒரு கிட்டார் அல்ல, பெயர். ஒன்று போனால் அடுத்ததுக்கு அதே பெயரைச் சூட்டிக்கொண்டார். ஒற்றைக் கிட்டார் மகான்களின் வீட்டில் பின்கட்டைத் திறந்து பார்த்தால் இன்னும் இரண்டு மூன்று நிற்கும். எதிர்ப்பக்கத்தில் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் கிட்டார்க்காரர் டேவிட் கில்மோர் இருக்கிறார். 2019இல் 120க்கும் மேற்பட்ட கிட்டார்களை நியூயார்க்கில் ஏலம் விட்டு, கிடைத்த 2 கோடியே 10 லட்சம் டாலருக்கும் மேலான தொகையைச் சுற்றுச்சூழலுக்காக வழக்காடும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அருமையான காரியம். ஆனால் அதற்கு முதலில் 120 கிட்டார் வாங்கியிருக்க வேண்டுமே.

எனக்குத் தெரிந்த அசல் ஒற்றைக் கிட்டார்க்காரர் என் ஆசிரியர். பெரம்பூர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ-இந்தியர். கல்கத்தாவில் செய்த மலிவான கிட்டார் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. கழுத்து கனம், ஆக்‌ஷன் உயரம். புதிதாக வந்த மாணவர்கள் எல்லோருக்கும் அதில் விரல் கொப்புளித்தது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகள் தேயத் தேய அவரே இரண்டு முறை பிடுங்கிவிட்டுப் புதிதாக அடித்தார், ஃபிட்டர் அல்லவா. அவரை நினைத்து ஒற்றைக் கிட்டாரின் மகிமையைப் பேசப்போனேன், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு கிட்டார் என்பது அவருக்குக் கொள்கை இல்லை, சம்பளம். இன்னொன்று வாங்க முடிந்திருந்தால் மறுநாளே வாங்கியிருப்பார். கடைக்கண்ணாடி வழியாக ஒரு கிட்டாரை அவர் பார்த்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

குழுவில் தபேலாவும் மிருதங்கமும் வாசிப்பவர் வேறு மாதிரி கேட்டார். "சார், என்னிடம் நான்கு மிருதங்கம் இருக்கிறது. நானும் விற்க வேண்டுமா?" அவருக்கு நான்கும் வேண்டும். ஒரு கட்டை என்கிற தாழ்ந்த சுருதியில் பாடுகிற ஆண் பாடகருக்குப் பெரிய உடம்புள்ள தக்கு மிருதங்கம். ஐந்து கட்டையில் பாடுகிற பெண் குரலுக்குச் சிறியது. ஒரே மிருதங்கத்தை இழுத்துக்கட்டி இரண்டுக்கும் வாசித்தால் ஒன்று தோல் கிழியும், அல்லது நாதம் செத்துப்போகும். புல்லாங்குழல்காரர் பையைத் திறந்தாலும் அதே கதை, சுருதிக்கு ஒரு குழல். கிட்டார்க்காரனுக்கு இந்தச் சாக்கு செல்லாது. சில நூறு ரூபாய்க்கு, கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கிற கேப்போ என்ற கவ்வியை வாங்கிக் கழுத்தில் மாட்டினால் எந்தப் பாடகரின் சுருதிக்கும் ஏறிவிடலாம். அவருடைய நான்கும் கச்சேரிக்கு வெளியே போய் வருகின்றன. என் ஏழில் இரண்டுதான் போய் வந்தன.

சரி, பேசிக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்ப்போம் என்று தை முதல் பங்குனி வரை ஒரே எலெக்ட்ரிக் கிட்டாரோடு இருந்தேன். மற்ற ஆறும் நண்பர் வீட்டு மாடியில்.

முதல் மாதத்தில் ஒன்று நடந்தது. பச்சைக் கிட்டாரை நான் வாங்கியதே மென்மையான, தெளிவான ஒலிக்காகத்தான். பழைய கிட்டாரில் அது வராது என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது வேறு வழியில்லாததால் குமிழ்களோடு மல்லுக்கட்டினேன். ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்பைக் கரகரக்க விட்டுவிட்டு, கிட்டாரின் வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஆறுக்கு மெதுவாகக் குறைத்தேன். கரகரப்பு அப்படியே வடிந்து, மணி அடித்த மாதிரி ஒரு சுரம் நின்றது. சுண்டுவிரலால் திருகுகிற ஒரு குமிழுக்காக நான் ஒரு முழுக் கிட்டார் வாங்கியிருக்கிறேன்! தனி வாசிப்புக்குப் பத்து, பாடகருக்குப் பின்னால் ஆறு. ஒரே பாட்டுக்குள் கையை எடுக்காமல் போய்வர இப்போது பழகிவிட்டது. இந்த ஒன்றுக்காகவே அந்த மூன்று மாதமும் தகும்.

மாசியில் அரக்கோணத்தில் ஒரு வரவேற்பு. மூன்றாவது பாட்டின் நடுவில் முதல் கம்பி அறுந்தது. என்னுடையது போன்ற ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் பிரிட்ஜ் ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்கும். ஒரு பக்கம் கம்பிகளின் இழுப்பு, மறுபக்கம் ஸ்பிரிங்குகளின் இழுப்பு, இரண்டும் தராசு போல நிற்கும். ஒரு கம்பி போனால் தராசு சாய்ந்துவிடும். மிச்சமிருந்த ஐந்து கம்பிகளும் சுருதி ஏறிவிட்டன. அதாவது அறுந்தது ஒன்று, கெட்டது ஆறும். மேடை ஓரத்தில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் கம்பி மாட்டிச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் இரண்டு பாட்டு ஓடிவிட்டது. என் பகுதியைக் கீபோர்டுக்காரர் வாசித்தார். யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை என்பதை இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம்.

இரவு பன்னிரண்டு மணிக்கு ஆம்ப் போடாமல் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பது இன்னொரு சங்கடம். கொசு ரீங்கரிப்பது போல இருக்கும். நைலான் கிட்டாரின் கழுத்து தலைப்பக்க முனையில் 52 மில்லிமீட்டர் அகலம், எலெக்ட்ரிக்கின் கழுத்து 43க்கு முன்னே பின்னே. கம்பிகளுக்கு நடுவே விரல் நுழைகிற அந்த இடைவெளியை எந்தக் குமிழைத் திருகியும் கொண்டுவர முடியாது. செலவை மிச்சப்படுத்துகிறேன் என்று நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டவும் கூடாது. ஏறத்தாழ இரு மடங்கு இழுப்பு, பலகை வளைந்து பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். மூன்று மாதமும் நான் ஏங்கியது அந்த ஒன்றுக்குத்தான். மற்ற ஐந்து கிட்டார்கள் நினைவுக்கே வரவில்லை.

"ஒன்று போதும்" என்கிற சபதமும் எண்ணிக்கை மோகம்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஏழு கிட்டாரைச் சுவரில் மாட்டிப் படம் எடுத்துப் போடுகிறவருக்கும், வெள்ளைச் சுவர், ஒரு கிட்டார், ஒரு தொட்டிச் செடி என்று படம் எடுத்துப் போடுகிறவருக்கும் நடுவில் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. இருவரும் கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் விற்பதற்கு வைத்த கணக்கு வேறு. விஜயதசமியன்று எடுத்தால் அப்படியே வாசிக்க முடிகிற நிலையில் இருக்க வேண்டும். முடியாவிட்டால், அதை ஒழுங்குபடுத்தி வருடம் முழுக்க வாசிக்க நான் தயாரா? தயார் இல்லையென்றால் போகட்டும்.

பன்னிரண்டு கம்பியும் குட்டிக் கிட்டாரும் சுலபமாகப் போயின. நியாயமாகப் பச்சைக் கிட்டார்தான் முதலில் போயிருக்க வேண்டும். ஆனால் அரக்கோணத்துக்குப் பிறகு, மேடையில் பக்கத்தில் நிற்க ஒரு மாற்றுக் கிட்டார் தேவைப்பட்டது. குமிழுக்குள் துப்புரவுத் திரவம் அடித்ததும் கடுகு வெடிப்பது நின்றது. யாரை அனுப்ப நினைத்தேனோ அவர் தங்கிவிட்டார்.

ஈட்டிக் கிட்டார்தான் கஷ்டம். பிரிட்ஜை முழுதாகப் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, திரும்ப ஒட்டிக் கிளாம்ப் போட்டு வாங்க இரண்டு வாரம் ஆனது. வாங்க வந்தது வியாசர்பாடியிலிருந்து ஒரு பையன், கூடவே அவன் அப்பா. வாசலில் ஆட்டோ நின்றது, அப்பாவுடையதே. பையன் உட்கார்ந்து, சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற ஒரு கார்டை அழுத்தினான், அடுத்ததுக்குப் போகவில்லை. ஒலி அடங்கும்வரை காதைப் பலகைமேல் வைத்துக் கேட்டான். அப்பா என்னிடம், "இவ்வளவு நல்லதாக இருந்தால் நீங்கள் ஏன் விற்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம். பிரிட்ஜ் பெயர்ந்ததையும் ஒட்டியதையும் சொல்லி, கட்டிலுக்கு அடியில் கிடந்ததையும் சொன்னேன். அவர் இரண்டாயிரம் குறைத்தார். பிரிட்ஜுக்காகக் குறைத்தாரா, கட்டிலுக்காகக் குறைத்தாரா என்று கேட்கவில்லை. புறப்படும்போது பையன், "அண்ணா, இதை எவ்வளவு நேரம் ஏ.சி.யில் வைக்க வேண்டும்?" என்றான். அவன் அப்பா என்னை முந்திக்கொண்டு, "நம் வீட்டில் ஏ.சி. எங்கே இருக்கிறது?" என்றார். அது அந்தக் கிட்டாருக்கு நல்லதுதான் என்று நான் சொன்னது கேலி இல்லை. அடிக்கடி மாறாத ஈரப்பதத்தை மரம் ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

ஆக, மேடைக்கு ஒன்று, மேடையில் அதற்குத் துணையாகப் பச்சை, இரவுக்கு நைலான். மிச்சம் ஆசிரியருடைய கல்கத்தா கிட்டார். அவர் இறந்த பிறகு அவர் மனைவி என்னிடம் கொடுத்தது. அதன் ஆக்‌ஷன் இன்னும் உயரம்தான், ஒலியும் சுமார்தான். நான் வைத்த கணக்குப்படி விஜயதசமியன்று அது தேறியது. ஆனால் மாதத்துக்கு ஒரு முறைக்குமேல் அதை எடுக்கிறேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். விற்றால் ஆயிரம் ரூபாய் தேறாது. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்பது என் கட்சி. மனைவி சேர்க்கிறாள். எங்கள் வீட்டில் இப்போது மூன்று கிட்டார்கள் இருக்கின்றன, அல்லது நான்கு.