குடவோலையைப் புகழும் முன் கல்வெட்டைப் படிக்க விடுங்கள்

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஊர்ச்சபையின் குழுக்களுக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையைச் சொல்வது உத்திரமேரூர் கல்வெட்டு. அதை வகுப்பில் எடுக்கும்போது "உலகத்துக்கே தேர்தல் சொல்லிக்கொடுத்தது நாமதான்" என்று ஆரம்பித்தால் பாடம் அங்கேயே முடிந்துபோகிறது. பிள்ளைகள் அந்த ஒரு வரியை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு கல்லில் என்ன இருந்தால் அவர்களுக்கு என்ன?

முழுக் கல்வெட்டையும் 45 நிமிடத்தில் நடத்தவே முடியாது. கிரந்தம் கலந்த நடை, மூச்சுவிடாமல் ஓடும் வாக்கியங்கள். எட்டு வரி போதும். தாளின் முன்பக்கம் மைப்படியின் (கல்லின் மேல் தாள் வைத்து மையால் ஒற்றி எடுத்த படி) படமும் அதன் வாசிப்பும். இன்றைய தமிழ் பின்பக்கம். பத்து நிமிடம் தாளைத் திருப்ப விடாதீர்கள். படம் நீங்களே எடுப்பதென்றால் ஃபிளாஷ் வேண்டாம், எழுத்து தட்டையாகிவிடும். காலையோ மாலையோ சாய்வெயிலில் எடுத்தால் வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். சாக்பொடி, எண்ணெய் எதையும் கல்லில் தடவக் கூடாது.

முதல் வேலை, ஆண்டைக் கண்டுபிடிப்பது. இந்தக் கல்வெட்டின் ஆண்டு கி.பி. 921, ஆனால் அந்த எண் கல்லில் கிடையாது. மதிரை கொண்ட பரகேசரியின் 14ஆம் ஆட்சியாண்டு என்றுதான் இருக்கிறது. மதுரையை வென்ற பரகேசரி என்றால் சோழ மன்னன் முதலாம் பராந்தகன், அரியணை ஏறியது 907. கூட்டலை அவர்களே போடட்டும்.

அடுத்து சொற்கள். "குடும்பு" என்பதைப் பாதி வகுப்பு குடும்பம் என்றே வாசிக்கும். அது இன்றைய வார்டு மாதிரி, மொத்தம் 30. வாரியம் என்றால் ஒரு வேலையைப் பார்க்கும் குழு, மின்சார வாரியம் என்று நாம் சொல்வதை நினைவூட்டினால் போதும்.

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டியது ஓலை எடுக்கும் முறையில். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, 30 கட்டையும் குடத்தில் போடுகிறார்கள். சபை முழுதும் கூடியிருக்க, நம்பிமாரில் (கோயில் பூசாரிகளில்) மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்குகிறார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அது வேறு குடத்தில் போட்டுக் குலுக்கப்பட்டு, அதிலிருந்து ஓர் ஓலை. சபையின் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்கிறான். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே வாசிக்கிறார்கள். இப்படி 30 பேர்: சம்வத்சர (ஆண்டு) வாரியம் 12, தோட்ட வாரியம் 12, ஏரி வாரியம் 6.

இங்கே "என்ன புரிந்தது?" என்று கேட்டால் பதிலே வராது. "இந்தப் படி எந்தத் திருட்டுத்தனத்தை அடைக்கிறது?" என்று கேளுங்கள். விரல் ஏன் விரிந்திருக்க வேண்டும்? குடம் ஏன் மாறுகிறது? ஒருவர் வாசித்ததை மற்றவர்கள் ஏன் மறுபடி வாசிக்க வேண்டும்? கடைசி பெஞ்ச்தான் முதலில் கை தூக்கும். தில்லுமுல்லு யாருக்கு நன்றாகத் தெரியும் என்பது வேறு கதை!

கூடவே அதே ஊரின் முந்தைய, 919ஆம் ஆண்டுக் கல்வெட்டிலிருந்து வயது விதியை மட்டும் கொடுங்கள். அதில் 30க்கு மேல், 60க்குள். இரண்டே ஆண்டில் 35க்கு மேல், 70க்குள் என்று மாறுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய அத்தை மாமன் மக்கள், மாமனார், மருமகன் வரைக்கும் தடை என்று பட்டியலே வருகிறது. உடனே பிள்ளைகள் "ஊழல் நடந்தது" என்று எழுதுவார்கள். தப்பான ஊகம் இல்லை. ஆனால் கல் அப்படி ஒரு சம்பவத்தைச் சொல்லவில்லை, துஷ்டர் கெட்டு விசிஷ்டர் வர்த்திக்க வேண்டும், அதாவது தீயவர் அழிந்து நல்லவர் செழிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. கரும்பலகையில் நடுவே ஒரு கோடு: இடப்பக்கம் கல் சொல்வது, வலப்பக்கம் நாம் ஊகிப்பது. இந்தக் கோடு இல்லாத வகுப்பில் ஊகமெல்லாம் பரீட்சைத் தாளில் வரலாறாகிவிடும்.

குடத்தில் யார் பெயர் விழவே விழாது என்பதும் இதே எட்டு வரிக்குள் இருக்கிறது. குடத்தில் பெயர் விழ வேண்டுமென்றால் கால் வேலிக்கு (வேலி அந்தக் கால நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. வேதம் அதிகம் கற்றவருக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) வேலி போதும் என்ற சலுகை தவிர வேறு வாசல் இல்லை. இது பிரமதேயத்துச் சபை, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. பக்கத்து ஊர்களிலும் இப்படித்தான் நடந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. "அப்போ இது ஜனநாயகமே இல்லையா சார்?" என்று ஒருவன் எழுந்தால் பதில் சொல்லிவிடாதீர்கள். இந்தத் தீர்மானம் நடந்தபோது அரசன் அனுப்பிய அதிகாரி ஒருவர் கூடவே உட்கார்ந்திருந்தார் என்ற வரியைக் காட்டி, அவர் அங்கே எதற்கு என்று கேட்டு மணியடிக்க விடுங்கள்.