தரங்கம்பாடியா, பிச்சாவரமா?

(சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ் அறை. வெள்ளிக்கிழமை காலை 8 மணி. சபாபதி, ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர். கோமதி, அவரை இன்னும் ஓய்வு பெற விடாத மனைவி. நேற்றே நடராஜர் தரிசனம் முடிந்துவிட்டது. மாலையில் திருச்சிக்கு ரயில். நடுவில் ஒரே ஒரு பகல். கட்டில் மேல் இட்லிப் பொட்டலமும் கத்திரிக்காய் கொத்சும்.)

கோமதி: சட்டையில் கொத்சு சிந்துகிறது பாருங்கள். சீக்கிரம் சாப்பிட்டால் ஆட்டோ பிடிக்கலாம். பிச்சாவரம் 15 கிலோமீட்டர்தான்.

சபாபதி: பிச்சாவரம் என்று யார் முடிவு செய்தது? நேற்று ராத்திரியே தரங்கம்பாடி என்று சொன்னேனே?

கோமதி: சொன்னது நீங்கள். முடிவு செய்தது நான்.

சபாபதி: 1620-ல் டென்மார்க்காரன் கட்டிய கோட்டை, கோமதி! தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி, கடலைப் பார்த்த மாதிரி கட்டினான்.

கோமதி: கட்டியவனே 1845-ல் இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். அவனுக்கே வேண்டாமென்று போன இடத்துக்கு நாம் சீர்காழியில் பஸ் மாறிப் போக வேண்டுமா?

சபாபதி: அங்கே காற்றில் ஓசோன் அதிகமாம். நெஞ்சுக்கு நல்லது என்கிறார்கள்.

கோமதி: யார் என்கிறார்கள்?

சபாபதி: எல்லாரும்தான்.

கோமதி: ஓசோன் என்பது ஜெராக்ஸ் கடைக்குள் அடிக்குமே, அந்த வாசனை. அதை நம் தெருமுனையிலேயே நின்று இழுத்துக்கொள்ளலாம்.

சபாபதி: தரங்கம்பாடி என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? அலை பாடும் ஊர்!

கோமதி: தினமும் குளியலறையில் நீங்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? இன்றைக்கு ஒரு நாள் பாட்டில்லாத ஊருக்குப் போகலாம். அலையாத்திக் காடு. பெயரிலேயே இருக்கிறது, அலையை ஆற்றுகிற காடு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் நூற்றுக்கணக்கில் வாய்க்கால். துடுப்புப் படகில் போனால் மரமெல்லாம் தலைக்கு மேல் பந்தல் மாதிரி வளைந்திருக்குமாம். வேர் ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்குமாம்.

சபாபதி: இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?

கோமதி: படித்தேன்.

சபாபதி: எங்கே? உன் தங்கை போன மாதம் வாட்ஸாப்பில் வைத்த ஸ்டேட்டஸிலா?

கோமதி: (இட்லியைப் பிட்டபடி) அவள் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் எனக்கென்ன?

சபாபதி: 17 படம் வைத்தாள். ஒவ்வொன்றையும் நீ இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

கோமதி: அவள் கட்டியிருந்தது என் புடவை. அதைத்தான் பார்த்தேன். பேச்சை மாற்றாதீர்கள். பிச்சாவரம் ஏன் வேண்டாம்? காரணத்தைச் சொல்லுங்கள்.

சபாபதி: 2004 சுனாமியை மறந்துவிட்டாயா?

கோமதி: அது தரங்கம்பாடியையும்தான் அடித்தது. பிச்சாவரத்தில் இந்தக் காடு இருந்ததால்தான் பின்னாலிருந்த ஊர்களில் அலையின் வேகம் குறைந்தது.

சபாபதி: சரிதான். காடு ஊரைக் காப்பாற்றியது. நாம் ஊரிலா இருக்கப்போகிறோம்? காட்டுக்குள் படகில் அல்லவா இருப்போம்?

கோமதி: ஆக, விஷயம் படகு.

சபாபதி: எனக்கா? படகா? பயமா?

கோமதி: பயம் என்று நான் சொல்லவே இல்லையே!

சபாபதி: (தண்ணீர் குடிக்கிறார்.)

கோமதி: கொடைக்கானல் ஏரியில் பெடல் படகு எடுத்தோமே, நினைவிருக்கிறதா? அரை மணி நேரம் மிதித்தேன். கால் வலித்ததே தவிர படகு ஓர் அடி நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் கரையில் இருந்த புல்லை இடக்கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சபாபதி: அது ஏதோ புது வகைப் புல். என்னவென்று பார்த்தேன்.

கோமதி: அரை மணி நேரமா?

சபாபதி: (இலையை மடித்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி) சரி, படகு கிடக்கட்டும். நான் தரங்கம்பாடி என்று சொல்வது அதற்காக மட்டும் இல்லை. நாற்பது வருஷம் அச்சுக்கோத்த கை இது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் அங்கேதான் வந்து இறங்கினார். தமிழ் கற்றுக்கொண்டு, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து அளவில் பெரிதாக இருந்ததாம். அப்படியே கோத்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் இங்கேயே சின்ன எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள். பாயின்ட், அதாவது எழுத்தின் அளவு, அதைக் குறைக்கச் சொல்லி முதலாளி என் உயிரை வாங்கினாரே, அந்தத் தொல்லை முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது!

கோமதி: (கொஞ்ச நேரம் பேசவில்லை.) இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? ஓசோன், அலை பாடும் என்று எதற்குச் சுற்றி வளைத்தீர்கள்?

சபாபதி: சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்தேன்.

கோமதி: சிரிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு என்ன கிழமை?

சபாபதி: வெள்ளி.

கோமதி: கோட்டை மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நேற்றே பார்த்து வைத்துவிட்டேன்.

சபாபதி: நேற்றே பார்த்தாயா? அப்படியென்றால் உனக்கும் அங்கே போகும் எண்ணம் இருந்திருக்கிறது!

கோமதி: எதிர்க்கட்சி எதை வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? பாருங்கள், போக 50, வர 50 கிலோமீட்டர். பூட்டின கதவைப் பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடி வர வேண்டியதுதான். தை மாதம் தனியாகப் போய் ஒரு ராத்திரி தங்குவோம். சீகன்பால்கு சிலைக்கு முன்னால் எத்தனை மணி நேரம் நின்றாலும் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

சபாபதி: எழுதிக் கொடுப்பாயா?

கோமதி: எந்தப் பாயின்டில்?

சபாபதி: (சிரித்துவிடுகிறார்.) சரி. ஆனால் மோட்டார் படகு. சட்டென்று போய்விட்டுச் சட்டென்று வந்துவிடலாம்.

கோமதி: குறுகலான வாய்க்காலுக்குள் மோட்டார் படகு போகாது. துடுப்புப் படகுதான். லைஃப் ஜாக்கெட் தருவார்கள். தண்ணீரும் பல இடங்களில் ஆள் உயரம்கூட இருக்காதாம்.

சபாபதி: யார் உயரம்?

கோமதி: உங்கள் உயரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நேற்று கோயிலில், ‘தில்லை என்று ஊருக்குப் பெயர் இருக்கிறது, தில்லை மரம் எங்கே?’ என்று ஒவ்வொரு பிராகாரமாகத் தேடினீர்களே? அந்த மரம் பிச்சாவரத்தில்தான் இருக்கிறது.

சபாபதி: அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் என்பார்களே?

கோமதி: உங்களை மரத்தோடு கண்ணைத் தேய்க்கச் சொன்னேனா? உங்களுக்கு அங்கே ஒரு வசதியும் உண்டு. போகிற வழியெல்லாம் கிளையும் வேரும் கைக்கு எட்டும். கொடைக்கானல் மாதிரி எதையாவது பிடித்துக்கொண்டே வரலாம்.

சபாபதி: (முகம் மலர்ந்து) அப்படியா? அப்படியானால் பரவாயில்லை. (செருப்பை மாட்டியவர் நிற்கிறார்.) கோமதி...

கோமதி: என்ன?

சபாபதி: அதில் தில்லை மரம் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கோமதி: தெரியாதென்றால் எந்த மரத்தையும் தொட வேண்டாம்.

சபாபதி: பிறகு எதைத்தான் பிடித்துக்கொள்வது?

கோமதி: என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். துடுப்புப் போடுகிறவரை மட்டும் விட்டுவிடுங்கள், நம்மைத் திரும்பக் கொண்டுவர அவர் கை வேண்டும்.