பிரிஜித் வரும் வீடு: கோரை, சாம்பல், ஒரு துண்டுத் துணி

சனவரி கடைசி வாரம் வந்தால் பேகன் குடும்பங்கள், அதாவது கிறித்தவத்துக்கு முந்தைய பழைய வழிபாட்டைப் பின்பற்றுகிறவர்கள், பகிரும் இம்போல்க் படங்கள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். இம்போல்க் என்பது வசந்தத்தை வரவேற்கும் ஐரிஷ் விழா. வெள்ளைத் துணி விரித்த மேடை, பத்துப் பன்னிரண்டு மெழுகுவத்திகள், கடையில் வாங்கிய சிலுவை. பார்க்க அழகுதான். ஆனால் அயர்லாந்தின் வீட்டு வழக்கத்தில் இந்த விழாவுக்கு மேடையே கிடையாது. வாசல், அடுப்பு, சன்னல் விளிம்பு, இந்த மூன்றும்தான் விழாவின் நாயகியான பிரிஜித் வந்து போகும் இடங்கள்; பேகன்களுக்கு அவள் தெய்வம், கத்தோலிக்கருக்குப் புனிதை. உழைப்பை முதலில் அங்கே போடுங்கள். நேரம் மிஞ்சினால் மேடை அமைக்கலாம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நாம் செய்யும் வீட்டுச் சடங்குகளில் பெரும்பாலானவை ஐரிஷ் கத்தோலிக்க விவசாயக் குடும்பங்கள் காப்பாற்றித் தந்தவை. 1942இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஊர் ஊராகக் கேள்விப்பட்டியல் அனுப்பி, புனித பிரிஜித் திருநாளை யார் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்தது. கோரை, துணி, வாசல் சடங்கு பற்றிய விவரங்களில் பெரும்பகுதி அப்படிக் கிடைத்தவைதான். இம்போல்க்கையும் சேர்த்து எட்டு விழாக்கள் கொண்ட இன்றைய பேகன் ஆண்டுச் சக்கரமோ 1950களில் பிரிட்டனில் உருவம் பெற்றது. இம்போல்க் என்ற பெயர் பழையது, பழைய ஐரிஷ் இலக்கியத்திலேயே இருக்கிறது. அதற்காக நம் வீட்டுச் சிலுவைக்கு மூவாயிரம் வயது என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். இவற்றைக் காத்த அந்தக் குடும்பத்துப் பாட்டிமார்களுக்கு நன்றி சொல்வதில் நம் நம்பிக்கைக்கு ஒரு குறைவும் இல்லை.

நாள் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். விழா பிப்ரவரி 1 என்றாலும் சனவரி 31 சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். டப்ளினில் அது மாலை ஐந்து மணியை ஒட்டி. 2023 முதல் அயர்லாந்தில் இதற்கு அரசு விடுமுறை உண்டு. ஆனால் அது பிப்ரவரியின் முதல் திங்கள்; 1ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் அன்றே. விடுமுறைக்காகக் காத்திருந்தால் விழாவின் இரவு முன்பே போய்விடும். வேலைக்குப் போகிறவர்கள் 29, 30 தேதிகளிலேயே பாதி வேலையை முடித்துவிடுவது நல்லது. (ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் பலர் பருவத்தைப் பார்த்து ஆகஸ்ட் தொடக்கத்தில் கொண்டாடுகிறார்கள். அதுதான் சரி.)

இனி சிலுவை பின்னும் கோரை. ஈரப் புல்வெளிகளில் கொத்துக் கொத்தாக வளரும் ஜங்கஸ் எஃப்யூசஸ் என்ற செடி இது. நம் பாய்க் கோரையின் தண்டு முப்பட்டையாக இருக்கும். இது உருண்டை, வழவழப்பு, உள்ளே வெள்ளை நெட்டி. வழக்கப்படி கத்தியால் அறுக்கக் கூடாது, கையால் பிடுங்க வேண்டும். அதில் ஒரு வசதியும் இருக்கிறது: அடிப்பகுதியோடு உருவி வருவதால் முழு நீளம் கிடைக்கும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். ஒரு சிலுவைக்குப் பதினாறு தண்டுகள் போதும், ஆனால் இருபத்தைந்து எடுங்கள்; மடிக்கும்போது சில உடையும். தடிமன் ஏறக்குறைய ஒன்றாகவும், நீளம் முப்பது சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருக்கட்டும்.

பின்னும் முறை இது. ஒரு தண்டை நட்டுக்குத்தலாகப் பிடியுங்கள். இரண்டாவதை நடுவில் மடித்து, முதல் தண்டின் நடுப்பகுதியைச் சுற்றி, இரு முனைகளும் வலப்பக்கம் நீளும்படி இழுங்கள். இப்போது முழுவதையும் இடப்புறமாகக் கால் சுற்றுத் திருப்பினால் அந்த முனைகள் மேலே போகும். மூன்றாவதை மடித்து, மேல்நோக்கி நிற்கும் எல்லாத் தண்டுகளையும் அணைத்தபடி மீண்டும் வலப்பக்கம் கொண்டுவாருங்கள். திருப்பு, மடி, இழு. அவ்வளவுதான். ஒவ்வொரு புதிய தண்டும் முந்தையதன் பக்கத்தில் அமர வேண்டும், மேலே ஏறக் கூடாது. ஏறினால் நடுவில் சதுரம் வராமல் ஒரு முடிச்சுதான் வரும். ஒரு முறை வலப்புறம் திருப்பிவிட்டாலும் பின்னல் கலைந்துவிடும், அதனால் சிறு பிள்ளைகள் செய்யும்போது திருப்புவதை மட்டும் பெரியவர் பார்த்துக்கொள்ளலாம். இடது கட்டைவிரல் நடுப்பகுதியை விட்டு எடுபடவே கூடாது. முடிந்ததும் நான்கு கைகளின் முனைகளையும் சணல் நூலால் இறுக்கிக் கட்டி, மிச்சத்தைக் கத்தரியுங்கள்.

மடிக்கும் இடத்தில் தண்டு பிளந்தால் கோரை காய்ந்துவிட்டது என்று பொருள். சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுபடி வளையும். அடுத்த சிக்கல் ஒரு வாரம் கழித்து வரும்: பச்சைக் கோரை காயக் காயச் சுருங்குவதால் சிலுவை தளரும். சரியாகக் கட்டவில்லையோ என்று வருந்தாதீர்கள், எல்லாச் சிலுவைக்கும் நடப்பதுதான். முனைக் கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு தண்டாக இழுத்து, மறுபடி கட்டுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தீ அண்டாதிருக்க வாசல் நிலைக்கு மேல் வைப்பது வழக்கம். சமையல் அடுப்புக்கு நேர் மேலே மாட்டுவது அதற்கு நேர்மாறான வேலை. பழைய சிலுவையைச் சில வீடுகளில் எரித்தார்கள், சில வீடுகளில் ஆண்டுதோறும் கூரைச் சட்டத்தில் சேர்த்து வைத்தார்கள். இரண்டுமே முறைதான்.

கணப்படுப்பு இருக்கும் வீட்டில் 30ஆம் தேதியே சாம்பலை அள்ளிவிடுங்கள். ஆறிவிட்டது போலத் தோன்றும் சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தின் மேல் இல்லாமல் கல்லின் மேல் வையுங்கள். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கட்டும். ஈர விறகு புகைந்து புகைபோக்கியில் தார் போலப் படியும், பின்னால் அதுவே தீப்பிடிக்கும். கணப்பு இல்லாத வீட்டில் ஒரே ஒரு தடித்த மெழுகுவத்தி போதும் என்பது என் உறுதியான கருத்து. அயர்லாந்தின் கில்டேர் ஊரில் 1993இல் மீண்டும் ஏற்றப்பட்ட பிரிஜித்தின் சுடரும் ஒன்றுதான். மணல் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்துங்கள், திரியை ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள், திரைச்சீலையிலிருந்து தள்ளி வையுங்கள், படுக்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள். விடிய விடிய எரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு மின்விளக்கு இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்குக் கோல்கேனன், அதாவது கீரை சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு. நால்வருக்கு ஒரு கிலோ மாவுத்தன்மையுள்ள உருளைக்கிழங்கு, முந்நூறு கிராம் கேல் கீரை அல்லது முட்டைக்கோஸ், நூறு கிராம் வெண்ணெய், 150 மில்லி சூடான பால், ஒரு கைப்பிடி வெங்காயத்தாள். கிழங்கைத் தோலோடு வேகவைத்து உரித்துக் கையால் மசியுங்கள். மிக்சியில் போட்டால் பசையாகிவிடும். வெந்த கீரையைப் பிழியாமல் சேர்த்தால் கூழாகிவிடும்.

வெளியே வைக்கும் துணிக்கு ஐரிஷில் பிரத் ப்ரீஜே என்று பெயர். அந்த இரவில் பிரிஜித் கடந்துபோகும்போது அதைத் தொட்டு ஆசீர்வதிப்பாள். பிறகு ஆண்டு முழுக்கத் தலைவலிக்கும், கன்று ஈனச் சிரமப்படும் பசுவுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். லினன் அல்லது பருத்தி, கைக்குட்டை அளவு போதும். புதரில் முடிச்சிட்டுக் கட்டுங்கள், அல்லது சன்னல் விளிம்பில் கல்லை ஏற்றி வையுங்கள். பிப்ரவரிக் காற்றில் சும்மா விரித்த துணி காலையில் அங்கே இருக்காது. பக்கத்தில் அவளுக்கென்று ஒரு துண்டு ரொட்டியும் வைப்பதுண்டு, அதை மூடாமல் விட்டால் எலி வரும். துணியைச் சூரியன் உதிக்குமுன் எடுத்துவிட வேண்டும். அயர்லாந்தில் அந்த நாளில் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் விடியும் என்பதால் பிள்ளைகளே பள்ளிக்குக் கிளம்புமுன் போய் எடுக்கலாம். நனைந்திருந்தால் பிழியாமல், கணப்பின் பக்கத்தில் நிழலில் உலரவிட்டு, மடித்து, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.